பத்து, மைனஸ் பத்து, முப்பது: ஒரு கடற்கரைக் கணக்கு

ஒலுவில் துறைமுகம் பற்றி எங்கட பக்கம் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கு. அஷ்ரஃபின் கனவு என்பார்கள், டென்மார்க் கடன் என்பார்கள், எல்லாம் அரசியல் என்பார்கள். 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். அதற்குப் பிறகு துறைமுக வாயை மணல் மூடுவதும், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடலரிப்பும் ஓயாத பேச்சாகிவிட்டது. ஆனால் கணக்கு என்று வந்தால் "அது இன்ஜினியரிங் ஆக்கள்ட வேல" என்பது கலைப் பீடத்தில் எழுதாத சட்டம். கம்பஸில் இருந்து கடலுக்கு நடந்தே போகிற எங்களுக்கு இந்தச் சட்டம் சரிவராது. இந்தக் கணக்கின் அடிப்படை ஒரு கொப்பித் தாளில் அடங்கும்.

அலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கு. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் தேங்கும். மறுபக்கம் வரவேண்டிய மணல் வராது, கரை தேயும். 1956இல் பெல்னார் கொன்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் கரையை ஒரே கோடாக எடுத்து, அந்தக் கோடு காலத்தோடு எப்படி நகரும் என்று சமன்பாடு எழுதினார். கணினி அதை எட்டு எட்டாகத் தீர்க்கும்: இன்றைய கரையிலிருந்து நாளைய கரை, அதிலிருந்து மறுநாள் கரை.

செய்து பாருங்க. நேரான கரையில் ஒரு புள்ளி மட்டும் 10 மீற்றர் துருத்தி நிற்குது, இரண்டு பக்கமும் 0. பக்கத்துப் புள்ளியோடு உள்ள வித்தியாசத்தில் கால்வாசி, ஒரு எட்டில் அந்தப் பக்கம் போகட்டும். நடுவில் 5, பக்கங்களில் இரண்டரை இரண்டரை. மணல் மெல்லப் பரவுது, நம்பலாம். இப்ப எட்டை நாலு மடங்கு நீளமாக வைங்க, வித்தியாசம் முழுவதும் போகும். நடுப்புள்ளி 10இலிருந்து மைனஸ் 10. அடுத்த எட்டில் 30. அதற்கடுத்து மைனஸ் 70. கூட்டிப் பார்த்தால் மொத்த மணல் அதே 10தான், ஒரு பிடி குறையல்ல. ஆனா கரை பைத்தியம் பிடித்து ஆடுது. சமன்பாட்டில் பிழையில்ல, எட்டுத்தான் நீளம். கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லேவி மூவரும் எட்டுக்கு எல்லை உண்டு என்று 1928இலேயே காட்டிவிட்டார்கள்.

நில நடுக்கத்தில் கட்டிடம் எப்படி ஆடும் என்று பார்க்கிறவர்களுக்கும் இதே தலையிடி. நியூமார்க் 1959இல் கொடுத்த முறைகளில் ஒன்று, எட்டு எவ்வளவு நீளமானாலும் வெடிக்காது. ஆனால் அந்த உத்தரவாதம் வளைந்தால் திரும்பி நிமிரும் கட்டிடத்துக்குத்தான். வளைந்தது வளைந்தபடி நிற்கும், வெடிப்பு விடும் சுவருக்கு அது செல்லாது. ஜப்பானில் உருவான ஒரு பரிசோதனை முறையில் உண்மையான சுவரை ஜாக்கியால் மெல்லத் தள்ளி, அது எதிர்க்கும் விசையை அளந்து, அதை வைத்தே கணினி அடுத்த எட்டைப் போடும். அங்கே கணக்குப் பிசகினால் சுவரே உடையும். உடைந்த சுவரை முதல் எட்டுக்குத் திருப்ப ஏலாது.

எங்கட கரையும் அந்தச் சுவர் மாதிரித்தான். வேரோடு சாய்ந்த தென்னை திரும்ப நிமிராது. கரவலை இழுத்த மணல் போனால் வலை இழுக்க இடமில்ல, வாடி போட இடமில்ல. ஆய்வுகூடத்தில் உடைவது ஒரு சுவர். இங்கே பரிசோதனைப் பொருளே ஊர்.

ஒலுவிலின் கணக்கு வெடித்தது என்று நாங்கள் சொல்ல வரல்ல. வெடிக்காத கணக்கும் பிழையான விடை தரலாம். நிலையாக இருப்பது வேற, சரியாக இருப்பது வேற. ஆகவே அடுத்த முறை கல் போடவோ மணல் தோண்டவோ திட்டம் வந்து, கூட்டத்தில் வண்ண வரைபடம் காட்டினால் மூன்று கேள்வி கேட்போம். எத்தனை நாளை ஒரு எட்டாக எடுத்தீங்க? ஒவ்வொரு எட்டுக்கும் கரையை உண்மையில் அளப்பது யாரு? அளவு கணக்கோடு ஒத்துவராவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? மூன்றாவதற்குக் கணிதமே தேவையில்ல. அது எங்கட பாடம்தான்.