மூன்றாவது எண்

ஒன்றை ஒன்று அறியாமல் 2012ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த இரண்டு செயல்கள், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் பல வீடுகளில் டிவி மேசையின் ஓரத்தில் இன்றும் மோதிக்கொண்டிருக்கின்றன. அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று, கிரெடிட் கார்டு அளவிலான ஒற்றைப் பலகையில் முழுக் கணினியையும் அடக்கிய ராஸ்பெர்ரி பை 35 டாலர் விலைக்கு வந்தது. கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துத் தரும் கணினியான சர்வரை இனி எவரும் தம் வீட்டிலேயே இராப்பகலாக ஓடவிடலாம் என்றாயிற்று. ஏப்ரலில், இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்னும் அமைப்பு, 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களைச் சேவை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கியது. அத்தகைய எண் வாய்த்த வீட்டில் ஓடும் சர்வரை வெளியிலிருந்து யாரும் நேரே எட்ட இயலாது.

இந்த ஒதுக்கீட்டுக்குக் காரணம் பஞ்சம். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். பழைய முறையில் அமையக்கூடிய எண்கள் ஏறத்தாழ 430 கோடிதான். அவற்றின் உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோயிற்று. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகின்றன. வீட்டுக்குள் போனுக்கும் டிவிக்கும் ரௌட்டர் தருவது, பெரும்பாலும் 192.168 எனத் தொடங்குவது, முதல் எண். ரௌட்டருக்கு நிறுவனம் தரும் 100.64 வகை, இரண்டாவது. வெளியுலகின் கண்ணில் படுவது மூன்றாவது. மனை எண், பழைய எண், புதிய எண் என மூன்றையும் வாசற்சுவரில் எழுதிவைத்துவிட்டு, கூரியர்காரருக்குப் போனில் வழியும் சொல்லவேண்டியிருக்கும் அம்பத்தூர்வாசிக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. இங்கே மூன்றாவது எண் அண்டை அயலுக்கும் சேர்த்துப் பொது என்பதே வேறுபாடு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக ஏற்றது. நாட்டின் தொழில்துறையில் அது எவ்வளவு கைகூடியது என்பது விவாதத்துக்குரியதாயினும், இணைய முகவரி விஷயத்தில் ஆவடிக் குடும்பங்கள் பலவும் அதை மறுபேச்சின்றிக் கடைப்பிடித்துவருகின்றன.

உள்ளே வர வழியில்லை என்றாலும் வெளியே போக வழியுண்டு என்பதில்தான் இக்கட்டிலிருந்து தப்பும் உபாயம் இருக்கிறது. வயர்கார்டு போன்ற மென்பொருளின் துணையோடு, பொது எண்ணுள்ள ஒரு வாடகைக் கணினியைப் பலகை தானே அழைத்து, பிறர் படிக்க இயலாதபடி பூட்டிய தடம் ஒன்றை அறாமல் வைத்திருக்க, ஷார்ஜாவிலிருக்கும் மகள் அதே தடத்தின் வழியே வீட்டுப் போட்டோக்களை எட்டிவிடுகிறாள். பை-ஹோல் என்னும் மென்பொருளை நிறுவினால், தளங்களின் பெயரைக் கேட்டு அவற்றின் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். பணியையும் பலகை ஏற்று, விளம்பரக்காரர்களின் பெயர் வரும்போது மட்டும் 0.0.0.0 என்று கைவிரித்துவிடும். எந்தக் கருவி எந்தப் பெயரை எத்தனை மணிக்கு விசாரித்தது என்பதும் அதன் திரையில் வரிவரியாக வரும். அணைத்ததாக எல்லோரும் நம்பிய டிவியின் பின்னிரவுப் பேச்சுவார்த்தைகளும் அதில் அடக்கமாதலால், அதைப் படிப்பது குடும்ப அமைதிக்கு உகந்ததா என்பது வேறு கேள்வி.

பலகையின் குலமுறை இதைவிடச் சுவையானது. ராஸ்பெர்ரி பையின் ‘மாடல் ஏ’, ‘மாடல் பி’ என்ற பெயர்கள், கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ கணினியை நினைத்து இடப்பட்டவை. 1984-85இல் ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் இந்திய அரசு முதற்கட்டமாக 250 பள்ளிகளில் வைத்ததும் அதே கணினிதான். அடுத்த கணினிக்காக ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் என்னும் சில்லு 1985 ஏப்ரல் 26 அன்று முதன்முதலாக இயங்கியது. விலையுயர்ந்த பீங்கான் உறையைத் தவிர்த்து மலிவான பிளாஸ்டிக் உறையில் அதை அடைக்கவேண்டுமானால் அது சூடேறக்கூடாது, அதாவது மின்சாரத்தைக் குறைவாகவே குடிக்கவேண்டும் என்பது அவர்களுடைய கவலை. எவ்வளவு குடிக்கிறதென்று பார்க்க ஃபர்பர் அம்மீட்டரை இணைத்தபோது முள் பூஜ்யத்தைக் காட்டியது. ஆராய்ந்ததில், மின்சாரம் வரவேண்டிய கம்பி வழியே எதுவும் வரவேயில்லை என்பதும், அக்கம்பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்தைக் கொண்டே சில்லு தன் கணக்குகளைப் பிழையின்றிப் போட்டுக்கொண்டிருந்தது என்பதும் தெரியவந்தன. பொறியாளர்கள் திட்டமிட்டுத் தேடியிருந்தாலும் இவ்வளவு சிறந்த நற்சான்று கிடைத்திராது; உறையின் விலைக்கு அஞ்சிச் செய்த சிக்கனமே பிற்காலத்தில் உலகின் கைப்பேசிகளையெல்லாம் அந்தச் சில்லின் வழித்தோன்றல்களிடம் ஒப்படைத்தது.

ராஸ்பெர்ரி பையும் அந்த வழித்தோன்றல்களுள் ஒன்றே. மூன்று வாட் அளவில் இயங்கும் பலகை, இரு மாதத்துக்கொருமுறை வரும் மின்கணக்கில் ஐந்து யூனிட்டைக்கூடத் தொடாது. ஆனால் மூதாதைக்கு வாய்த்த கசிவு மின்சாரம் பேரனுக்கு வாய்க்கவில்லை: கோடையில் கரண்ட் போய்வரும் வேளையில் ஏதேனும் எழுதிக்கொண்டிருந்தால் அதன் மெமரி கார்டு கெட்டு, மறுபடி எழாமற்போவதுண்டு என்பதால், ரௌட்டருக்கும் பலகைக்கும் சேர்த்துச் சிறு பேட்டரி ஒன்றை வைப்பது இப்பகுதியில் அறிவுடைமை.

எண் பஞ்சத்துக்கு நிலையான தீர்வாக ஐ.பி. ஆறாம் பதிப்பு இந்தியாவில் விரைவாகப் பரவிவருகிறது. மணலைப்போல் எண்களை அள்ளித்தரும் அம்முறையில் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த தனி எண் உண்டு. பங்கு முகவரி ஒரு சிறுமையாயினும், முன்பின் தெரியாதவரை அது உள்ளே விட்டதில்லை. அந்தத் தடை நீங்கிய பின், வருவோரில் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் வேலையை ரௌட்டரோ அதே பலகையோ கவனமாகப் பார்க்கவேண்டியிருக்கும். விருந்தாளியை வரவழைக்கப் படாதபாடு பட்ட அப்பலகை, அப்போது வருகிறவர்களைத் திருப்பியனுப்புவதிலேயே தன் மூன்று வாட்டையும் செலவிடும்.