ஒரு வீதி, மூன்று சுவாத்தியம்

எனது தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு டெனிம் ஜக்கெட் தொங்கிக்கொண்டிருக்கிறது. வலது முழங்கைப் பக்கம் உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து கிழிந்துபோன ஜக்கெட். முப்பது வருடமாகப் பிறருக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிற என்னால் இந்தக் கிழிசலுக்கு ஓர் ஒட்டுப் போட முடியாதா என்று வீட்டுக்கு வருகிற பெண்கள் கேட்பதுண்டு. போட்டுக் கொடுத்தால் மகன் மறுபடியும் அதை உடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவானோ என்ற பயத்தில்தான் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

அதை வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

மகனுக்கு நுவரெலியாவில் வேலை கிடைத்தபோது, சீட்டுக் காசில் அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று நினைத்தேன். குளிர் ஊருக்குப் போகிற பிள்ளை, மோட்டார் சைக்கிளில் போய் வரப் போகிற பிள்ளை. கடையில் தொங்கிய உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எல்லாவற்றிலும் பாரமானதைத் தெரிவு செய்தேன். துணி தடித்தால் குளிர் தாங்கும் என்பதுதானே நமது கணக்கு? துணியோடு வாழ்க்கையைக் கழித்த நானே அப்படிக் கணக்குப் போட்டேன் என்றால், மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

எங்கள் ஊர் ஏறாவூர். பக்கத்து ஊர் செங்கலடி. அங்கிருந்து புறப்படும் ஏ-5 வீதி மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை என்று ஏறிப்போய் நுவரெலியாவைத் தொடுகிறது. கடல் மட்டத்தில் ஆரம்பிக்கிற பிரயாணம் 1868 மீற்றர் உயரத்தில் முடிகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகைக்குக் கொஞ்சம் மேலே குறையும் என்பார்கள். ஏறாவூரில் 30 பாகை செல்சியஸாக இருக்கும் பகல் பொழுதில் நுவரெலியாவில் 18 பாகையளவில் இருக்கும். தை, மாசி மாத இரவுகளில் அங்கே 10 பாகைக்கும் கீழே இறங்கும். சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

இது சும்மா நிற்கிறவனுக்குரிய கணக்கு. ஓடுகிறவனுக்குக் காற்றையும் சேர்க்க வேண்டும். 10 பாகைக் குளிரில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது 5 பாகை போலத் தெரியும். நனைந்திருந்தால் அதைவிட மோசம்.

2023 டிசம்பரில் அதுதான் நடந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வரப் புறப்பட்டிருக்கிறான். ஹக்கல தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போது பனிமூட்டமும் தூறலும். பெரிய மழை இல்லைதானே என்று மழைக்கோட்டை எடுக்காமல் வந்திருக்கிறான். டெனிம் மெதுவாக நீரைக் குடித்திருக்கிறது. பிறகு அவன் சொன்னது இது:

"உம்மா, வெரலெல்லாம் மரக்கட்டை மாதிரி ஆகிப்போச்சு. பிரேக்க அமத்தணும் எண்டு தெரியுது, வெரல் மடங்குதில்ல."

ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் வழுக்கி, வீதியோரத்து மண் திட்டில் மோதி நின்றது. மணிக்கட்டில் ஒரு வெடிப்பு, முழங்கையில் தோல் போனது. அல்ஹம்துலில்லாஹ், அவ்வளவுதான். பக்கத்து மரக்கறித் தோட்டத்திலிருந்து ஓடி வந்த சிங்களப் பெண்ணொருவர் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால், "புத்தே, முதலில் இந்த ஈரத்தைக் கழற்று" என்று தன் கணவருடைய உலர்ந்த சேட்டையும் ஒரு கம்பளியையும் கொடுத்து, இஞ்சி போட்ட பிளேன்டீயும் குடிக்க வைத்திருக்கிறார். அந்தத் தாய்க்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஜக்கெட் சொப்பிங் பைக்குள் சுருட்டியபடி வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் பிரித்தபோதும் ஈரம். சாமான் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். பிறகு காயவைத்து மறுபடியும் நிறுத்தேன். காய்ந்தது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஈரத்தோடு அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நனைந்த அன்று எவ்வளவு இருந்திருக்குமோ? அந்த நீரையெல்லாம் அவனுடைய உடம்புச் சூடுதான் காய வைக்கப் பார்த்திருக்கிறது.

அன்றிரவு பெட்டியிலிருந்த துண்டுத் துணிகளை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். பருத்தி, பொலியெஸ்டர், கம்பளி, ஃப்ளீஸ். பொலியெஸ்டர் சீக்கிரமே காய்ந்துவிட்டது. பருத்தி விடியும் வரை ஈரமாக இருந்தது. பருத்தி நூல் நீரைத் தன்னுள்ளேயே இழுத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் நூலுக்குள் நீர் போகாது, இழைகளுக்கு நடுவில்தான் நிற்கும். இது தையற்காரிக்குத் தெரியாத விசயம் அல்ல. பெருநாளுக்குத் தைக்கும்போது, "இது வேர்வையை இழுக்கும், பருத்தியே எடுங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! அதே குணம் குளிரில் எதிரியாகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஜக்கெட்டைப் பற்றி நாம் பொதுவாக நினைப்பது, அது சூடு தரும் என்பது. மீன் வாடியில் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உமி குளிரூட்டுவதில்லை, வெளிச் சூட்டை உள்ளே விடுவதில்லை. ஜக்கெட்டின் வேலையும் அதுதான்; உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும். அப்படியென்றால் உடம்பு விறைத்த பிறகு உடுத்து அதிகம் பிரயோசனமில்லை. குளிர் தொடங்குமுன்பே உடுத்துக்கொள்ள வேண்டும்.

கை குணமாகி வந்ததும் புதியதொன்று வாங்கப் போனோம். முதலில் போன கடையில், வெளிநாட்டுப் பந்தய ஓட்டக்காரர்கள் உடுத்துவது போல ஒன்றைக் காட்டினார்கள். தோளிலும் முழங்கையிலும் புடைத்துக்கொண்டு பார்க்க வீரமாகத்தான் இருந்தது. உள்பையைத் திறந்து விரலை விட்டேன். பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச்! கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உம்மாமார் உள்பைக்குள் கைவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

விழுந்தால் காக்கிற அட்டை வேறு. விரலால் மெல்ல அமர்த்தினால் வளையும். அடி விழும்போது இறுகி அதன் வேகத்தைப் பரப்பிவிடும். அதிலேயே ஈ.என். 1621 என்ற ஐரோப்பியத் தர இலக்கமும், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரின் சிறிய படமும், 1 அல்லது 2 என்ற தரமும் அச்சிட்டிருக்கும். இரண்டு என்றால் உடம்புக்குப் போகிற அடி இன்னும் குறைவு. ஜக்கெட்டுக்கே ஈ.என். 17092 என்று 2020இல் வந்த தரமொன்றும் உண்டு. ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுத்திருப்பார்கள். லேபல் தைத்திருப்பதாலேயே எல்லாம் உண்மையென்று நம்பிவிடவும் கூடாது, தையலைப் பாருங்கள். தோளிலும் கையிலும் இரட்டை, மும்மடித் தையல் இருக்க வேண்டும். (வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பழைய செருப்பின் இறப்பரை வெட்டி, பையொன்று தைத்து முழங்கைக்கு நானே அட்டை செய்து பார்த்தேன். மகன் சிரித்த சிரிப்பில் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன்.)

கடைசியில் கொழும்பில் வாங்கியது வலைத்துணி ஜக்கெட். தோளிலும் முழங்கையிலும் உரசலைத் தாங்கும் தடித்த நைலோன், நெஞ்சிலும் முதுகிலும் காற்றுப் போகும் வலை. வெளிர் சாம்பல் நிறம், கையில் ஒளி தெறிக்கும் பட்டி. "குளிர் ஊருக்கு வலைத்துணியா?" என்று என் ராத்தா கேட்டார். தோல் ஜக்கெட் விழும்போது நல்ல காவல்தான். ஆனால் மகா ஓயா வெயிலில் அதற்குள் மனிதன் அவிந்துபோவான், எங்களூர் ஈரப்பதனில் அது பூஞ்சணமும் பிடிக்கும். வெயிலில் கழற்றிப் பெட்டியில் கட்டி வைக்கிற ஜக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன? விழுகை இடம் பார்த்து வருவதில்லையே. ஆகவே விழுகைக்கென்று ஒன்றை வீட்டிலிருந்து வீடு வரை கழற்றாமல் உடுத்திருப்பது. குளிருக்கும் மழைக்கும் உள்ளும் வெளியுமாக அடுக்குகளை மாற்றிக்கொள்வது. அப்படித்தான் தீர்மானித்தோம்.

உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு பொலியெஸ்டர் ஜேர்சி. பையன்கள் கிரிக்கெட் விளையாட உடுத்துவதே போதும். நடுவில் மெல்லிய ஃப்ளீஸ். அது நுவரெலியா பேல் பஸாரில் அவனே வாங்கியது. அங்கே குளிர் உடுப்புகள் குவிந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஜக்கெட்டையும் மூடுகிற அளவுக்கு இரண்டு அளவு பெரிய மழைக்கோட்டு.

மழைத் தடுப்பை ஜக்கெட்டுக்கு உள்ளே பூட்டுகிற வகையும் கடையில் இருந்தது. நான் வேண்டாமென்றேன். உள்ளே உடம்பு நனையாது, சரி. வெளித்துணி முழுதும் நனைந்து, அந்த ஈரம் காற்றில் காயக் காயக் குளிர் உள்ளே இறங்கும். அதைப் பூட்டுவதற்கு நடு வீதியில் ஜக்கெட்டைக் கழற்றி நிற்கவும் வேண்டும். வெளியே போடுகிற கோட்டென்றால் ஒரு நிமிட வேலை. மழையில்லாத குளிரிலும் அது காற்றை மறித்து, வலைத்துணியின் குறையை மூடிவிடும். வாங்கும்போது உட்புறம் திருப்பி, தையல் மேலே பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். மெல்லிய நைலோன் கோட்டை மட்டும் நம்பி உள்ளே அரைக்கைச் சேட்டோடு போகிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: விழுந்து தாரில் உரசினால் அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

அளவு பார்க்கும்போது மகனைக் கடைக்குள்ளேயே ஒரு கதிரையில் உட்கார வைத்து, ஹேண்டிலைப் பிடிப்பது போல இரு கையையும் நீட்டச் சொன்னேன். நிற்கும்போது சரியாக இருந்த கை, நீட்டியதும் நான்கு விரல் அளவு மேலே ஏறி மணிக்கட்டு வெளியே வந்தது. முழங்கை அட்டையும் இடம் மாறிப்போனது. அடுத்த அளவை எடுத்தோம். உள்ளே ஃப்ளீஸ் போட்ட பிறகும் மூச்சு விட இடமிருக்க வேண்டும். இறுக்கினால் சூட்டைப் பிடித்து வைக்கும் காற்று அடுக்கு நசுங்கிப் போய்விடும். கையுறை இரண்டு சோடி, ஒன்று எப்போதும் உலர்ந்தபடி பைக்குள். அவனுடைய வாப்பா அந்தக் காலத்தில் பழைய ஹொண்டாவில் பசறைப் பக்கம் சாரம் விற்கப் போகும்போது, நெஞ்சில் பத்திரிகைத் தாளை மடித்து வைத்து ஜக்கெட்டை முன்பின்னாக உடுத்துக்கொண்டு போவார். நாங்கள் சிரிப்போம். காற்றை மறிக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கச்சான் காற்றுக் காலத்தில் எல்லாம் தலைகீழ். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் 35 பாகையும் தாண்டும். காற்று நம் தோலை விடச் சூடாகிவிட்டால், எவ்வளவு காற்றுப் பட்டாலும் அது உடம்பைச் சுடத்தான் செய்யும். குளிர்மை தருவது வேர்வை மட்டும்தான். வெறுங்கையோடு ஓடினால் வேர்வை தெரியாமலேயே காய்ந்து, தண்ணீர் வற்றித் தலை சுற்றும். அந்த நாட்களில் மகனுக்கு உள்ளே பருத்திப் பெனியன்தான். மகா ஓயாவில் நிறுத்தி அதை நனைத்துப் பிழிந்து, அதன்மேல் வலை ஜக்கெட்டைப் போட்டுக்கொள்வான். வரண்ட காற்றில் அது குளிர்சாதனப் பெட்டி மாதிரி. மலையில் அவனை விழுத்திய அதே பருத்தி!

என் மகள் இங்கே ஸ்கூட்டரில் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறவள். "காக்காவுக்கு மட்டுந்தானா ஜக்கெட்?" என்று கேட்டாள். ஐந்து கிலோமீற்றர்தானே என்று நான் சொல்ல, "தார் வீதிக்குத் தூரம் தெரியுமா உம்மா?" என்றாள். அவளுக்கும் ஒரு வலை ஜக்கெட் எடுத்தோம். அபாயாவுக்கு மேலே உடுத்து, ஷோலின் இரு முனைகளையும் ஜக்கெட்டுக்குள்ளே செருகிவிடுவாள். முன்பெல்லாம் அது பின்னால் கொடியாகப் பறக்கும். அபாயாவின் கீழ்ப் பக்கத்தை நான் கொஞ்சம் ஒடுக்கி, கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி தைத்து, உள்ளே தடித்த காற்சட்டையும் தைத்துக் கொடுத்தேன். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகிற சகோதரிகள், ஏறியதும் அபாயாவையும் ஷோலையும் அள்ளி மடியில் வைத்திருக்கிறோமா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். சக்கரமும் சங்கிலியும் இழுத்த துணியை நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். உடுத்திருந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சுபஹுக்குப் பிறகு மகனுடைய பையை அடுக்குவது என் வேலை. அடியில் மாற்றுடுப்பு, அதன் மேல் உலர்ந்த கையுறை, ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. மழையில் நின்று பையைக் கிளறக் கூடாது பாருங்கள். பசறையில் நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது போன் எடுப்பான். நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் அவனே முந்திக்கொள்வான்.

"போட்டுட்டன் உம்மா, போட்டுட்டன். இங்க இன்னும் வெயில்தான். ஆக்கள் என்னப் பார்த்துச் சிரிக்கிறாங்க."