கை தறியில்... காது ரேடியோவில்!

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியை ஒட்டிய நெசவு ஊர் முள்ளிப்பட்டு. வயல் வேலையும் தறி வேலையும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் பகுதி இது.

தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் கைக்கு நாடா, காலுக்கு மிதிக்கட்டை, கண்ணுக்குப் பாவு. இழை அறுந்தால் உடனே கவனித்து முடிய வேண்டும். சும்மா இருப்பது காது மட்டும்தான். செல்போனை எடுத்து, திரையைத் தேய்த்து, வீடியோ பார்க்கும் வேலை அங்கே ஆகாது. சேற்றில் நாற்று நடுகிறவருக்கும் அப்படித்தான். காதுக்கு வந்து சேரும் செய்திதான் இவர்களுக்குச் சரிப்படும். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை.

அட்டையில் இருக்கும் பாடம்

பழைய தொழில்நுட்பம் என்றால் பயனற்றது என்று நினைப்பவர்கள் பட்டுத்தறியின் தலைக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்க்க வேண்டும். 1804-ல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் உருவான முறை அது. சேலையில் வர வேண்டிய மயிலும் மாங்காயும் அட்டையில் துளைகளாக இருக்கும். துளை உள்ள இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. இதே துளை அட்டைகளைத்தான் பிற்காலத்தில் கம்ப்யூட்டர்களும் பயன்படுத்தின. கம்ப்யூட்டர் ஜக்கார்டு வந்துவிட்ட பிறகும் அட்டை முறை நீடிக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், டவரும் வேண்டாம்.

‘ரேடியோ நெல்’ வந்த கதை

விவசாயத்திலும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு, தஞ்சைப் பகுதி விவசாயிகள் ஆடுதுறை-27 நெல்லைப் பயிரிட்டார்கள். ரகத்தின் பெயரை விட்டுவிட்டு, ‘ரேடியோ நெல்’ என்றே அதை அழைத்தார்கள். செய்தி கொண்டுவந்த கருவியின் பெயரே நெல்லுக்கு ஒட்டிக்கொண்டது.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் புதுச்சேரி. அங்கே 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. தொலைபேசி வசதி சரியாக இல்லாத கிராமங்களுக்கு, வில்லியனூர் மையத்திலிருந்து போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற வயர்லெஸ் மூலம் தகவல் போனது. வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போவதா, வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் பேசினார். உடனே தகவல் மைய ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரே மேட்டுப் பகுதிக்கு ஓடியது. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஒரு போனும் ஒரு ஒலிபெருக்கியும் செய்த வேலை அது.

மூடினால் திரும்ப வராது

2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் போகும். டவரின் பேட்டரி தீர்ந்தால் சிக்னலும் போகும். இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். மத்திய அலை ஒலிபரப்பு வெகுதூரம் போகக்கூடியது, பொழுது சாய்ந்தால் இன்னும் தூரம் எட்டும். எஃப்.எம். அவ்வளவு தூரம் போகாது.

ஆனால், நாட்டின் பல ஊர்களில் மத்திய அலை ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுவிட்டன. பட்டன் போன்களை இயக்கும் 2ஜி சேவையை மூட வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்திருக்கிறது. 2013 ஜூலையில் தந்தி சேவை மூடப்பட்டது, திரும்ப வரவில்லை. அந்த நிலை இவற்றுக்கும் வந்தால், நெட் எடுக்காத ஊரில் இருப்பவர்களுக்கு மாற்று வழி இருக்காது. எனவே, கிராம சபைக் கூட்டங்களில் சாலை, குடிநீர் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும். ஊராட்சி ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

நெட் இல்லாமலே பயன்படுபவை

* கிசான் கால் சென்டர்: 1800-180-1551. கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பயிர் சந்தேகங்களைத் தமிழிலேயே கேட்கலாம். 2004 முதல் நடக்கிறது.

* *99#: வங்கியில் பதிவு செய்த எண் உள்ள பட்டன் போனிலிருந்து டயல் செய்து, கணக்கில் இருக்கும் பணத்தைப் பார்க்கலாம், பணமும் அனுப்பலாம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது.

* ரேடியோ: சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ். பட்டன் போன்கள் பலவற்றில் எஃப்.எம். இருக்கிறது, அதற்கு சிம் கார்டுகூடத் தேவையில்லை.

பழைய ரேடியோ பரணில் கிடந்தால், அதை எடைக்குப் போடுவதற்கு முன் புது பேட்டரி போட்டுப் பார்ப்பது நல்லது.