சௌக்கியம்

எங்கள் ஊருக்குச் சிக்கல் என்று பெயர். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருப்பது. சிங்காரவேலர் கோயிலால் பேர் பெற்றது. சூரசம்ஹாரத்துக்கு முன்பு அம்பாளிடம் வேல் வாங்கும்போது முருகனுடைய திருமேனியில் வியர்வை அரும்பும் என்று சொல்வார்கள். மற்றொன்று இராமநாதபுரம் சீமையில் இருக்கிற எங்கள் சிக்கல். இங்கே வியர்ப்பது மனிதர்களுக்கு மட்டும்தான். கருவேலமும் பனையும் முண்டு மிளகாயும் உள்ள ஊர். மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் பஸ் நிறையும்.

2002-ல் மழை பெய்யவில்லை. மறு வருஷம் தை மாதம் நானும் பஸ் ஏறினேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, எழுதிய இரண்டு கதைகளை எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம். சிங்கப்பூரில் ஸ்டோர் குமாஸ்தா வேலை என்று ஒரு ஏஜெண்டு சொன்னார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மிச்சத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கினார்.

புறப்படுகிற அன்று அப்பத்தா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு சமாசாரம் சொன்னாள். என் தாத்தா அவளுடைய இளமைக் காலத்தில் கொழும்பில் ஒரு கிட்டங்கியில் கணக்கு எழுதினவர். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வெளிதேசம் என்றால் இலங்கைதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் தனுஷ்கோடிவரை போகும். அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. 1964 டிசம்பர்ப் புயலில் அந்தத் தனுஷ்கோடியே போய்விட்டது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே தாத்தா ஊர் திரும்பிவிட்டார்.

"உங்க தாத்தா எழுதுற ஒவ்வொரு கடுதாசியிலயும் சௌக்கியம்னுதான் இருக்கும். நான் ஒருநாளும் நம்புனதில்லை. சௌக்கியமான்னு கேட்டா மனுசன் வேற என்ன சொல்லுவான்? அதனால, தண்ணி எங்க எடுக்குறீக, துணி யாரு துவைக்கிறா, நேத்து என்ன கொழம்புன்னு கேட்டு எழுதச் சொல்லுவேன். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது அவருக்கு" என்றாள்.

நான் சிரித்தேன். அதைப் பெரிய விஷயமாக அப்போது நினைக்கவில்லை.

சென்னையிலிருந்து நாலு மணி நேர ஆகாயப் பிரயாணம். இறங்கிய மறுநாள் காலையில் லாரியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் தகர வேலி. வேலியில் ஒரு பலகை. இங்கிலீஷ், சீனம், மலாய் இவற்றோடு நம்முடைய தமிழும் இருந்தது. சிங்கப்பூரில் தமிழ் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று என்று படித்திருக்கிறேன். ஆனாலும், அன்னிய மண்ணில் என்னை வரவேற்ற முதல் தமிழ்ச் சொல் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? "அபாயம்!" எனக்கு ஒரே சந்தோஷம். அபாயமென்றாலும் தமிழில் அல்லவா சொல்கிறார்கள்!

குமாஸ்தா வேலை என்று ஒன்று அங்கே இல்லை. கம்பி சுமக்கும் வேலைதான் இருந்தது. முதல் வாரம் தோல் உரிந்தது. ஒரே அறையில் பதினான்கு பேர். யாராவது ஒருவன் குறட்டை விடுவான். யாராவது ஒருவன் தூக்கத்தில் அழுவான். காலையில் யார் அழுதது என்று யாரும் கேட்பதில்லை. கஷ்டம் என்றால் உடம்புக் கஷ்டம் அல்ல. எங்கள் ஊர்க் காட்டில் மிளகாய் பறித்தவனுக்கு வெயில் புதிதல்ல. சாயங்காலம் அறைக்குத் திரும்பும்போது, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க ஒரு ஆள் இல்லையே, அதுதான் கஷ்டம். ஊரில் அந்தக் கேள்விக்கு எரிந்து விழுந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோடுக்குப் போவோம். தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள் புல்தரையிலும் நடைபாதையிலும் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டுக்கொள்வதே அங்கே பாதிப் பேச்சு. நான் சிக்கல் என்றதும், "அடடா! சிங்காரவேலர் ஊரா? வேல் வாங்கும்போது வேர்க்குமாமே, பார்த்திருக்கிறீர்களா?" என்றார் ஒரு பெரியவர். முதலில் இரண்டு தடவை விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர் முகம் வாடிப்போயிற்று. மூன்றாவது தடவை, "ஆமாம் ஐயா, பார்த்திருக்கிறேன்" என்றேன். அவர் கண்ணில் நீர் தளும்பியது. எனக்கு ஒரு டீயும் வடையும் வாங்கித் தந்தார். சிங்கப்பூரில் நான் சொன்ன முதல் பொய் அது.

அதற்குப் பிறகு சொன்னவை டெலிபோனில்.

எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. ஊரில் ஒரு எஸ்.டி.டி. கடை உண்டு. ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அம்மா அங்கே வந்து காத்திருப்பாள். நான் கார்டைச் சுரண்டி, எண்களை வரிசையாக அழுத்திக் கூப்பிடுவேன். அட்டையில் போட்டிருந்த நிமிஷங்கள் ஒருநாளும் முழுசாகக் கிடைத்ததில்லை. கிடைத்த நிமிஷங்களில் பாதி, "நல்லாருக்கியா அப்பு?" "நல்லாருக்கேன்மா" என்பதிலேயே போய்விடும். மீதியில் குமாஸ்தா உத்தியோகத்தைப் பற்றி நான் கற்பனை செய்து சொல்வேன். பேனா, மேஜை, தலைக்கு மேலே மின்விசிறி. நாவல் எழுதுவதற்கு நான் பழகிக்கொண்டது அங்கேதான் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கடைசியில், "அப்பத்தா எப்படி இருக்கு?" என்பேன். "அதுக்கென்ன, வெத்திலை இடிச்சுக்கிட்டுக் கெடக்கு" என்பாள்.

2003 மார்ச்சில் சார்ஸ் நோய் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மொத்தம் 238 பேருக்குக் கண்டு, 33 பேர் இறந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்த கணக்கு. அந்தச் சமயத்தில் இத்தனையோடு நின்றுவிடும் என்று யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போகுமுன் நெற்றியையும் காதையும் பார்த்துக் காய்ச்சல் அளந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் இருந்தது. டாக்டர் பார்த்தார், சாதாரணக் காய்ச்சலாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் தனியாக வைத்திருங்கள் என்றார். சாமான் போட்டிருந்த ஒரு சிறு அறையைக் காலி செய்து, ஐந்து நாள் என்னை அதில் வைத்தார்கள்.

பதினான்கு பேரோடு படுத்தபோது, தனியறை கிடைக்காதா என்று ஏங்கினவன் நான். கிடைத்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டு, இங்கே செத்தால் ஊருக்கு யார் சொல்வார்கள், எந்த டெலிபோனுக்குச் சொல்வார்கள், அந்தக் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே அம்மா வருவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாம் நாள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஆள் இல்லை. வாசலில் மூடி போட்ட ஒரு டப்பா. உள்ளே ஆவி பறக்கிற அரிசிக் கஞ்சி. மேலே கொஞ்சம் இஞ்சி. தூரத்தில் எங்கள் சீன மேஸ்திரி திரும்பிப் பாராமல் நடந்து போய்க்கொண்டிருந்தார். வேலையில் அவர் வாயிலிருந்து வசவைத் தவிர நான் வேறு கேட்டதில்லை. ஐந்து நாளும் கஞ்சி வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதைக் 'காஞ்சி' என்கிறார்கள். நம்முடைய கஞ்சி என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதை அந்த மனிதரிடம் சொல்ல எனக்குச் சீனம் தெரியவில்லை. காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த அன்று, அம்மா கொடுத்தனுப்பிய முண்டு வற்றல் ஒரு கை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, வழக்கம்போல வைதார். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த ஞாயிறு அம்மாவைக் கூப்பிட்டேன். "பேப்பர்ல என்னென்னமோ போடுறாகளே அப்பு, ஒனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள். "ஒண்ணுமில்லைம்மா, சௌக்கியம்" என்றேன். "அப்பத்தா?" என்றேன். "அதுக்கென்ன, சௌக்கியந்தான்" என்றாள். வெற்றிலை இடிப்பதைப் பற்றி அன்றைக்கு அவள் சொல்லவில்லை. நான் கவனிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, நோய் ஓய்ந்தபின், தேக்காவில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனைப் பார்த்தேன், புதிதாக வந்தவன். கட்டிப் பிடித்துக்கொண்டான். ஊர் சமாசாரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், "ஒங்க அப்பத்தா கேதத்துக்குக்கூட நான் வந்திருந்தேன்ணே. நல்ல சாவு, சித்திரை பொறந்து மூணாம் நாளு" என்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் நிறுத்திக்கொண்டான்.

அன்று இரவு ஏழு மணிக்கு டெலிபோன் முன்னால் நின்றேன். ஏன் மறைத்தாய் என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் நான் என்ன செய்திருக்கிறேன்? அவள் சாவை மறைத்தாள்; நான் காய்ச்சலை மறைத்தேன், கம்பியை மறைத்தேன். எனக்குத் தெரிந்தால் கடனை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று அவள் பயந்திருப்பாள். அவளுக்குத் தெரிந்தால் சங்கிலி போனாலும் போகட்டும், வந்துவிடு என்பாள் என்று நான் பயந்தேன். ஆக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தனித்தனியாக அழுதோம்.

கூப்பிட்டேன். வழக்கம்போலப் பேசினேன். அப்பத்தாவைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை.

கடனை அடைத்து, சங்கிலியை மீட்டு ஊருக்கு வந்த அன்று, திண்ணையில் உரலும் உலக்கையும் மட்டும் இருந்தன. அம்மா தயங்கித் தயங்கி, "அப்பு, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"தெரியும்மா" என்றேன்.

"நீ கேக்குறத நிறுத்துன அன்னைக்கே எனக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். போன வருஷம் என் அக்காள் மகன் துபாய்க்குப் போனான். எஸ்.டி.டி. கடையும் இல்லை, சுரண்டும் கார்டும் இல்லை. கைபேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். முகம் தெரிந்தால் பொய் சொல்ல முடியாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பையன் குளித்து, தலைவாரி, வெள்ளைச் சுவராகப் பார்த்து அதன்முன் நின்றுகொண்டுதான் கூப்பிடுகிறான். "சௌக்கியம் மாமா" என்கிறான்.

நான் அவனிடம் சௌக்கியமா என்று கேட்பதில்லை. துணி யாருடா துவைக்கிறது என்று கேட்கிறேன். நேற்று ராத்திரி என்ன குழம்பு என்று கேட்கிறேன். போன வாரம் அதற்குப் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "குழம்பு இல்ல மாமா. ரொட்டிதான். மூணு நாளா ரொட்டிதான்" என்றான். அப்புறம் அரைமணி நேரம் பேசினான்.

அக்காளிடம் சொல்லி ஒரு பொட்டலம் முண்டு வற்றல் அனுப்பியிருக்கிறேன்.