ஏழாவது முகம்

பார்சிலோனாவில் ரயில் ஏறி, ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் ஜிரோனா வந்துவிட்டது. நூறு கிலோமீட்டர், 38 நிமிடம்! கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறியிருந்தால் இந்நேரம் பாபநாசத்தில் டீ வருமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நவம்பர் முதல் வாரம். நிலையத்தை விட்டு வெளியே காலை வைத்ததும் வடக்கேயிருந்து ஒரு காற்று வந்து காதைப் பிடித்துத் திருகியது. கணக்கு வாத்தியாருக்கு அப்புறம் என் காதை யாரும் இப்படித் திருகியதில்லை. "இதுக்குப் பேரு திரமுந்தானா, அத்தை" என்றான் அண்ணன் மகன். நம் வாடைக்காற்றுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் போலிருக்கிறது. வளர்ப்பு சரியில்லை.

என்னை இங்கே இழுத்து வந்தவன் அவன்தான். "உனக்குத்தான் கோயில்னா பிடிக்குமே, வா" என்றான். என்ன கோயில், எந்தச் சாமி என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலில் ரயிலிலேயே பாதி நேரம் போய்விட்டது. அந்தச் சாமி இந்த உலகத்திலேயே இல்லையாம்! ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1996-இல் தொடங்கிய நாவல் வரிசையில் வருகிற சாமி. அதைத்தான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று 2011 முதல் 2019 வரை தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். அவன் மூன்று முறை முழுக்கப் பார்த்தவன். நான் நாலு பகுதி பார்த்தேன். அதிலும் பாதிக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாமி ஒண்ணுதான் அத்தை. ஆனா ஏழு முகம்."

"ஆறுமுகத்துக்கு ஒரு முகம் கூடவா?"

சிரித்தான். எனக்கு ஒன்றும் சிரிப்பாகத் தெரியவில்லை. முருகனின் ஆறு முகத்தில் எது எந்த வேலையைப் பார்க்கிறது என்று திருமுருகாற்றுப்படையிலேயே நக்கீரர் பட்டியல் போட்டாயிற்று. உலகுக்கு ஒளி தர ஒன்று, வரம் கொடுக்க ஒன்று, போர்க்களத்துக்கு ஒன்று, வள்ளியைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒன்று. இந்த ஏழுமுகச் சாமியும் அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். நீதிக்குத் தந்தை, கருணைக்குத் தாய், சண்டைக்குப் போர்வீரன். கன்னி உண்டு. கையில் விளக்கோடு வழிகாட்டும் கிழவி உண்டு. கொல்லனும் உண்டு! பட்டறைக்காரரைச் சாமியின் முகமாக வைத்ததற்காகவே மார்ட்டினுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

"ஏழாவது?"

"அந்நியன்."

"விக்ரம் படமா?"

"அத்தை! அது சாவு. ஆணுமில்ல, பொண்ணுமில்ல. அந்த முகத்துக்கு மட்டும் அவ்வளவா யாரும் மெழுகுவத்தி ஏத்த மாட்டாங்க."

இது மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

ஒன்யார் ஆற்றைச் சிவப்பு நிற இரும்புப் பாலம் ஒன்றில் கடந்தோம். பாரிஸ் கோபுரம் கட்டிய ஈஃபெலின் நிறுவனம் அதற்கும் முன்னால், 1877-இல், கட்டிக்கொடுத்தது. இரு கரையிலும் மஞ்சள், காவி, செங்கல் நிறத்தில் வீடுகள் தண்ணீருக்குள் முகம் பார்த்துக்கொண்டு நின்றன. அக்கரையில் இறங்கியதும் ஒரு வாசனை. எங்கேயோ மோந்த வாசனை! மூக்கைப் பின்தொடர்ந்து போனால், ஒரு அம்மாள் கரியடுப்பில் கஷ்கொட்டையோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். கல்லறைத் திருநாளையொட்டி இங்கே இதுதான் பலகாரமாம். பொங்கலுக்குப் பானைச் சோற்றோடு வேகிற கிழங்கு, ஏழு கடல் தாண்டி வந்து செத்தவர்களுக்காக வேகிறது. கஷ்கொட்டை ஒரு பொட்டலம் வாங்கினோம். சுட்ட பலாக்கொட்டை மாதிரியே இருந்தது, கொஞ்சம் இனிப்பு கூட. பொட்டலத்தைத் தின்றதைவிடக் கையைச் சூடுகாட்டிக்கொண்டதுதான் அதிகம்.

சந்துகள் வளைந்து வளைந்து மேலே ஏறி, சட்டென்று ஓரிடத்தில் வானம் திறந்தது. எதிரே படிகள்! அகலமாக, அடுக்கடுக்காக, உச்சியில் பேராலயம். 2015-இல் இந்தப் படிகளில்தான் படம்பிடித்தார்கள். ஜேமி என்கிற வீரன் குதிரை மேல் உட்கார்ந்தபடியே இதில் ஏறுவானாம். குதிரை ஏறிவிட்டது. நான் முப்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் தொண்ணூறு என்கிறார்கள்; நான் எண்ணியதில் எண்பத்தாறுதான் வந்தது. மிச்ச நாலை மூச்சு வாங்கும்போது விட்டிருப்பேன். பழனியில் யானைப்பாதையில் ஏறிப் பழகிய காலுக்கு இது போதும்.

தொடரில் பின்னணியைக் கணினியில் மாற்றி, இதை ஏழு முகச் சாமியின் தலைமைக் கோயிலாக்கினார்கள். அடுத்த சில பகுதிகளிலேயே பச்சை நெருப்பு வைத்து அதைத் தூள்தூளாக்கவும் செய்தார்கள். உலகமெல்லாம் வெடிக்கப் பார்த்த கோயில், 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 18-ஆம் நூற்றாண்டு வரை கட்டிய கட்டடம், என் எதிரே சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே நுழைந்ததும் வாயைத் திறந்தவள்தான். தூணே இல்லை! கிட்டத்தட்ட 23 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவாகக் கூரை. கோத்திக் பாணிக் கட்டடங்களில் இவ்வளவு அகலமான கூடம் வேறில்லை. இது நிற்குமா, விழுமா என்ற பயம் அவர்களுக்கே வந்து, 1416-இல் கட்டடக் கலைஞர்களை வரவழைத்துக் கூட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். நின்றுவிட்டது. ஆனால் உள்ளே என்ன குளிர்! கற்கள் அறுநூறு வருஷக் குளிரைச் சேமித்து வைத்திருந்து எனக்கென்று எடுத்துக் கொடுத்தன.

இங்கே ஏழு முகம் ஏது? கருவூலத்தில் ஒரு பழைய துணி தொங்குகிறது, கம்பளி நூலால் தைத்த படைப்புச் சித்திரம்; ஏறக்குறைய ஆயிரம் வருஷப் பழசு. நடு வட்டத்தில் கிறிஸ்து. சுற்றிலும் ஒளி பிறக்கிறது, நீர் பிரிகிறது, கடலில் மீன்கள் முட்டிக்கொள்கின்றன, ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் எட்டிப் பார்க்கிறாள். நான்கு மூலையிலும் நான்கு காற்றுகள், கன்னம் உப்ப ஊதிக்கொண்டு. வடக்கு மூலையானைப் பார்த்து முறைத்தேன். கத்தோலிக்கராக வளர்ந்த மார்ட்டின், ஒரே கடவுளில் மூவர் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் ஒருவரில் எழுவரை உண்டாக்கினாராம். அப்படிப் பார்த்தால் படப்பிடிப்புக்கு இடம் தேடியவர்கள் தப்பான வாசலைத் தட்டவில்லை.

இறங்கும் வழியில் சந்த் ஃபெலியூ தேவாலயம். ஊரின் காவல் புனிதர் நார்சிஸ் அங்கேதான். 1285-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்டபோது அவர் கல்லறையிலிருந்து ஈக்கள் திரண்டு வந்து படையைக் கடித்து விரட்டின என்பது ஊர்க்கதை. பக்கத்தில் தூணேறும் கல் சிங்கம் ஒன்று, பெண் சிங்கம். அதன் பின்புறத்தில் முத்தமிட்டால் மறுபடி ஜிரோனாவுக்கு வருவோமாம்! நான் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அதற்கு எந்த அளவு பலன் உண்டோ தெரியாது. ஈப்படையும் சிங்க முத்தமும் இருக்கிற ஊரில், கற்பனை மதம்தான் எனக்கு ரொம்பச் சாதாரணமாகப் பட்டது.

ஒன்றைத் தவிர. சாவின் முகத்துக்கு விளக்கில்லை என்பதை. எங்கள் பக்கம் ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. முதலில் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாஞ்சிநாதரிடமே போக வேண்டும். அப்பா இறந்த வருஷம் அங்கே போய், எமனிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இருட்டத் தொடங்கியதும் மறுபடி படியடிக்கு வந்தோம். பொட்டலத்தில் ஒரே ஒரு கஷ்கொட்டை மிச்சம். அதைக் கடைசிப் படியின் ஓரத்தில் வைத்தேன்.

"யாருக்கு அத்தை?"

"அந்த ஏழாவது ஆளுக்கு."

இருபுறமும் பார்த்தான். "அத்தை, குப்பை போட்டா இங்க அபராதம் போடுவாங்க" என்று குனிந்து எடுத்தான். தோலை உரித்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஆறிப்போச்சு" என்றான்.