பட்டறையில் கண்ட சோதனை

காரின் எந்திரத்துள் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது வால்வு தன் இருக்கைக்கு ஒதுங்கிவிட வேண்டும்; பிஸ்டன் கீழிறங்கி இடம்விட்ட பின்னரே வால்வு அங்கே தலைநீட்டலாம். எந்திரம் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு விரைவிலும் ஒன்றோடொன்று மோதாதபடி காப்பது எது? பல கார்களில், பற்கள் கொண்ட ஒரு ரப்பர்ப் பட்டையே அது. டைமிங் பெல்ட் என்பர். பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறை சுழலுமாறு அது இரண்டையும் பிணைக்கிறது. முன்னாளில் இவ்வேலையைப் பற்சக்கரமும் சங்கிலியுமே செய்துவந்தன. 1962ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் உருவான கிளாஸ் 1004 என்னும் காரில் இரப்பர்ப் பட்டை இடம்பெற்றது. பின்னர் உலகெங்கும் பரவிற்று.

பட்டை அறுந்தால் கேம் தண்டு நின்றுவிடும். ஓடும் வண்டியின் வேகத்தால் கிராங்க் தண்டு மட்டும் சுழன்றுகொண்டேயிருக்கும். அந்நொடியில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்க, மேலேறும் பிஸ்டன்கள் அவற்றின்மேல் மோதும். எல்லா எந்திரங்களிலும் இவ்வாறு நேர்வதில்லை. சிலவற்றில் இரண்டுக்கும் நடுவே எப்போதும் இடைவெளி உண்டு. அவற்றிற்குப் புதிய பட்டை ஒன்றே போதும்.

என் அண்டை வீட்டு நண்பர் வாடகைக் கார் ஓட்டுபவர். அவருடைய வண்டியின் பட்டை அவிநாசிச் சாலையில் அறுந்தது. அஃது இடைவெளி இல்லாத வகை. நான்கு சிலிண்டர்களும் பதினாறு வால்வுகளும் உடையது. ஆவணி மாத முகூர்த்தங்களுக்காக அவர் முன்பணம் வாங்கியிருந்தார். வண்டிக் கடனின் தவணையும் நெருங்கிக்கொண்டிருந்தது. கோவையில் ஒரு பட்டறைக்கு வண்டியை இழுத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன்.

“புதுப் பெல்ட்டை மாட்டி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே” என்றான் உதவியாள் சிறுவன். மேஸ்திரி அவன் கையிலிருந்து சாவியை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிளக் துளைகளின் வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்தி, அதன் திரையை எங்களுக்குக் காட்டினார். முதல் பிஸ்டனின் தலையில் இரண்டு பிறை வடிவ வடுக்கள் புதிதாய் மின்னின.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலை மறுநாள்தான் தொடங்கியது. எந்திரம் முற்றும் ஆறவேண்டும் என்பது மேஸ்திரியின் கட்டளை. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகவே தளர்த்தினார். அலுமினிய வார்ப்பு; ஒருபுறம் மட்டும் விடுவித்தால் கோணிவிடும். கழற்றியதும் எஃகுச் சட்டம் ஒன்றை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். பல எந்திரங்களில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருத்தல் கூடாது. நம் தலைமயிர்கூடப் பெரும்பாலும் அதைவிடப் பருமனானது! தகடு எங்கும் நுழையவில்லை.

பின்னர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, நான்கு குழிகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றினார். முதற்குழியில் ஊற்றியது உடனே ஒழுகிற்று. மூன்றாவதும் அவ்வாறே. இரண்டாவது மெல்லக் கசிந்தது. நான்காவது குழியில் மட்டும் துளியும் குறையவில்லை. நண்பரின் முகத்தில் சிறிது தெளிவு பிறந்தது.

“அண்ணே, நான்காவது நன்றாகத்தானே இருக்கிறது? அதைத் தொடாமல் விட்டுவிட்டால் செலவு குறையுமே” என்றார்.

பட்டறைகளில் வேலையை வளர்த்துப் பணம் பறிப்போரும் உளர். ஆதலின் நண்பர் அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை. மேஸ்திரி சினங்கொள்ளவில்லை. வால்வுகள் யாவற்றையும் கழற்றி, இடம் மாறாதிருக்கப் பதினாறு துளைகளிட்ட ஓர் அட்டையில் வரிசையாகச் செருகினார். நான்காம் சிலிண்டரின் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தட்டின்மேல் உருட்டினார். நான்கும் நேராக உருண்டன போலவே தோன்றின. அதன்பின் அவற்றை அளவுக்கட்டையில் கிடத்தி, நுண்ணளவு காட்டும் டயல் மானியைப் பொருத்தி, “தம்பி, நீங்களே சுழற்றுங்கள்” என்றார்.

மூன்று வால்வுகளுக்கு முள் அசையவில்லை. நான்காவதற்கு ஆறு கோடுகள் நகர்ந்தது. ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நண்பர் நம்பாமல் மீண்டும் சுழற்றினார். முள் மீண்டும் ஆறு கோடுகளே நகர்ந்தது.

“இப்போது மண்ணெண்ணெய் நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் இதன் தலை ஒருபக்கமாய் அமர்ந்து, பிறகு வளைந்து பொருந்தும். நொடிக்கு இருபத்தைந்து முறை அப்படி வளைந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தலை முறிந்து விழுந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போகும். அப்போது உள்ளே பயணிகள் இருப்பார்கள்” என்றார் மேஸ்திரி.

நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வெளியே சென்று யாருடனோ தொலைபேசியில் பேசினார். ஒரு முகூர்த்தத்தை வேறு ஓட்டுநருக்கு விட்டுக்கொடுத்தார் என்று அறிந்தேன். திரும்பி வந்து, “மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றிவிடுங்கள், அண்ணே” என்றார்.

ஏழு வால்வுகள் புதியன வந்தன. வால்வுத் தண்டு ஓடும் கைடுகளுள் ஒன்றில் மயிரிழை விரிசல் காணப்பட்டமையால் அதுவும் மாற்றப்பட்டது. இருக்கைகளுக்கு இடையே விரிசல் உண்டா என்பதைச் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெண்பொடி தெளித்துப் பார்த்தனர். சிவப்புக் கோடு எங்கும் எழவில்லை. பிஸ்டன் வடுக்கள் ஆழமற்றவை. அவற்றை அப்படியே விட்டனர். புதிய பட்டையோடு அதை இறுக்கும் உருளையும் புதிதாக வந்தது.

யாவும் பூட்டிய பின்னரும் மேஸ்திரி சாவியைத் தரவில்லை. ஸ்பேனரால் கிராங்க் தண்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுழற்றினார். எங்கும் தடை இல்லை. குறிகள் மீண்டும் நேரில் வந்து நின்றன. அதன்பிறகே சாவி நண்பர் கைக்கு வந்தது.

எந்திரம் உறுமி நிலைபெற்றதும், பட்டையின் மூடிமேல் அன்றைய நாளையும் வண்டி ஓடிய கிலோமீட்டரையும் மேஸ்திரி எழுதினார். அடுத்த பட்டையை மாற்றவேண்டிய கிலோமீட்டரையும் அதன்கீழ்ப் பெரிதாக எழுதித் தருமாறு நண்பர் கேட்டுக்கொண்டார்.