பேப்பர் வந்துருச்சா சேர்?

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் தவறாமல் ஒருவர் வருவார். அவர்தான் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கதவைத் தட்டுவதில்லை. சீனி கேட்டு வருவார், வந்த காரியத்தை மறந்து சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். கணவன் மனைவி சண்டையின் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வார். வீட்டுக்காரர் பல்லைக் கடிக்க, பார்க்கும் நாம் சிரிப்போம்.

அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான 'சைன்ஃபெல்ட்' தொடரில் கிரேமர் என்றொருவர் இருக்கிறார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுவதே அவருடைய நுழைவு. அந்தத் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான லாரி டேவிட் நியூயோர்க்கில் குடியிருந்தபோது, எதிர்வாசலில் இருந்தவர் கென்னி கிரேமர் என்ற நிஜ மனிதர். அவரைப் பார்த்துத்தான் பாத்திரம் பிறந்தது. பிறகு அந்த மனிதர் தானே உண்மையான கிரேமர் என்று சொல்லி, நியூயோர்க்கில் காசுக்குச் சுற்றுலா பஸ் ஓட்டினார். தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததை அவர் முதலாக்கிக்கொண்டார். எல்லோராலும் அப்படி முடிவதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் அயலவரை வைத்துச் சிரித்த பெரிய கதை வானொலியில் நடந்தது. எழுபதுகளில் இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' நாடகத்தை இந்தச் சஞ்சிகையின் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எஸ். ராமதாஸ் மரிக்காராக வந்து நம்முடைய பேச்சைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். எஸ். செல்வசேகரன் உபாலியாகி, சிங்களவர் ஒருவர் தமிழைப் பேசினால் எப்படியிருக்குமோ அப்படிப் பேசினார். ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். ராமதாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீத் ஐயராகவும் மாறியதிலேயே ஒரு நாட்டுக்குத் தேவையான பாடம் இருந்தது. 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. நான் பிறக்குமுன்னே நடந்தவை இவை. வாப்பாவும் சாச்சாவும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மரிக்காரைப் போலப் பேசிக் காட்ட, உம்மா புரையேறச் சிரித்ததைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அதே பெயர் வேறு விதமாக என்னிடம் வந்து சேர்ந்தது ஆசிரியர் கலாசாலையில். முதல் வாரத்திலேயே ஒரு தோழர் என்னை "மரிக்கார்" என்று கூப்பிட்டார். "என்ன மரிக்கார், புரியாணி எப்ப?" என்பார். நான் வாய் திறந்தால் என் 'வாங்கோ'வையும் 'போறயா'வையும் இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டுவார். விடுதி முழுவதும் சிரிக்கும். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இரண்டாம் முறையும் சிரிப்பார்கள் என்று தெரிந்திருந்தது. பயிற்சி முடியும்வரை அந்தப் பெயர்தான். அவர் கெட்டவர் அல்லர், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கி வந்தவர். ஆனாலும் அந்தக் காலத்தில் நான் மெல்ல மெல்ல வேறு தமிழ் பேசப் பழகிவிட்டேன். இன்றும் கூட்டங்களில் பேசும்போது என் உம்மாவின் சொல் ஒன்று வாய்வரை வந்து திரும்பிப் போவதை உணர்கிறேன்.

இத்தனையும் அனுபவித்தவன் செய்த காரியத்தை இனிச் சொல்கிறேன்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஐயா குடும்பம். தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வுபெற்று, சேமலாப நிதிக் காசில் பத்துப் பேர்ச் காணி வாங்கிச் சின்னதாக வீடு கட்டி வந்தவர். காலை ஆறரைக்கு எங்கள் பின்கதவில் அவர் குரல் கேட்கும். "பேப்பர் வந்துருச்சா சேர்?" கேட்டு முடிக்கும்போது ஆள் குசினிக்குள் நிற்பார். மனைவி முக்காட்டைத் தேடி ஓடுவாள். நான் காசு கொடுத்து வாங்கும் 'வீரகேசரி'யை எனக்கு முன்னே அவர் விரிப்பார். மரண அறிவித்தல்களை உரக்க வாசிப்பார். ஏணி கேட்பார், குடை கேட்பார், கறிவேப்பிலை கேட்பார். என் சம்பள உயர்வு எவ்வளவு என்று கேட்பார். அவருடைய பேரன் அவரைத் "தாத்தா" என்று கூப்பிட, எங்கள் வழக்கில் தாத்தா என்றால் மூத்த சகோதரி என்பதால், என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் ஏன் கதவைத் தட்டுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்ந்தவர். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னால் இஸ்தோப்பு, தண்ணீருக்குப் பொதுப் பீலி. சில பழைய லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதுகூட இல்லை. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவிலிருந்து சுடுதண்ணீர் வரும் என்பார்கள். அங்கே தட்டிவிட்டு நிற்பவன்தான் அந்நியன். தட்டாமல் வருவது அவருக்கு உரிமையல்ல, உறவு. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லியே அடுத்தவர் வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று குர்ஆன் கற்பித்தபடி வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு ஒழுங்குகள் ஒரு குசினி வாசலில் மோதின, அவ்வளவுதான்.

2018இல் எங்கள் பாடசாலைக் கலைவிழாவுக்கு ஒரு நகைச்சுவை நாடகம் எழுதும்படி அதிபர் கேட்டார். ஒரே இரவில் எழுதினேன். தலைப்பு 'பக்கத்து வீடு'. தரம் பத்து மாணவன் ஒருவன் தலையில் துண்டு கட்டி, சட்டைக் கொலரின் பின்னால் குடையைக் கொழுவிக்கொண்டு, "பேப்பர் வந்துருச்சா சேர்?" என்று மேடைக்குள் விழுந்தான். மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவது வரிசையில் ஐயா உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழைக் கையில் கொடுத்தவனே நான்தான். ஊர் மக்கள் மேடையைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கலாசாலை விடுதியில் நான் சிரித்த அதே சிரிப்பு.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பாதையில் கண்டால் "நல்லாருக்கீங்களா சேர்" என்று கேட்டுவிட்டுப் போவார். பத்திரிகை மேசையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. "ஒரு வழியா நிம்மதி" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து, "ஆறரைக்கு நான் முக்காட்டைப் போட்டுக்கிட்டுத்தான் நிக்கிறன். ஒருத்தரும் வாறாங்க இல்ல" என்றாள்.

நாடகப் பிரதியை எடுத்துத் திரும்ப வாசித்தேன். அதில் வாத்தியார் பாத்திரம் நல்ல தமிழ் பேசியது. அயலவர் மட்டுமே தன் வீட்டுப் பேச்சைப் பேசினார். கோமாளிகளில் மரிக்காரைக் கேலி செய்தால் மரிக்கார் திருப்பிக் கொடுப்பார். அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். நான் எழுதியதில் ஒருவர் நின்றார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து சிரித்தார்கள். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று சூரத்துல் ஹுஜுராத் சொல்வதை எத்தனை காலைக் கூட்டங்களில் பிள்ளைகளுக்கு விளக்கியிருப்பேன்!

பிறகு 2019 ஏப்ரல் 21 வந்தது. குண்டு வெடித்தது ஆலயங்களிலும் ஹோட்டல்களிலும். தூரம் விழுந்தது நாடெங்கும் வேலிகளின் இருபக்கமும். வழக்கமாக வருபவர்கள் முஸ்லிம் கடைகளுக்கு வரத் தயங்கினார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அந்த வலி நியாயமான வலி. ஆனால் அந்த நாட்களில் என் மனம் ஒரு கள்ளக் கணக்கு எழுதியதையும் சொல்லியாகவேண்டும். "ஐயாவும் இதனால்தான் வருவதில்லை" என்று எனக்கு நானே சொல்லத் தொடங்கினேன். யாரோ கேட்டபோது அப்படியே சொல்லியும் விட்டேன். அவர் நின்றது அதற்குப் பல மாதங்களுக்கு முன்னே. நாட்டின் பெரிய காயத்துக்குள் என் சின்னக் குற்றத்தை ஒளித்துவைக்க எவ்வளவு வசதியாக இருந்தது!

அந்த ரமழானில் ஓர் இரவு, தொழுகையில் சூரத்துல் மாஊன் ஓதப்பட்டது. தொழுகையில் பராமுகமாக இருந்து, அற்பமான பொருள்களைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்காமல் தடுப்பவர்களைப் பற்றிச் சொல்லி அந்தச் சூரா முடிகிறது. அவை எவை என்பதற்கு இப்னு மஸ்ஊத் (ரழி) கோடரி, பானை, வாளி என்று விளக்கியதாகத் தஃப்ஸீர்களில் உண்டு. இரவல் பொருள்கள்! பக்கத்து வீட்டுக்காரன் கேட்டு வரும் பொருள்கள். 'சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூனில் நெட் பிளாண்டர்ஸ் என்றொரு பக்திமான் அயலவராக வருவார். அவரிடம் இரவல் வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுக்காமல், அவரையே தொல்லை என்று நினைப்பவர் கதாநாயகன் ஹோமர். யார் யாருக்குத் தொல்லை என்பது கதை சொல்பவன் எந்த வீட்டில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

மன்னிப்புக் கேட்கப் போவதென்றால் என்ன சொல்லிப் போவது? பல நாள் யோசித்தேன். பெருநாள் கழிந்து ஒரு சனிக்கிழமை, வேலியைச் சுற்றிப் போய் அவர் வாசலில் நின்றேன். தட்டுவதா, உள்ளே போவதா என்று தெரியவில்லை. கடைசியில் தட்டாமல் உள்ளே போனேன். அவர் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, கோடரி இருக்கா? பின்னால பலாக் கிளை ஒண்டு வெட்டணும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். எழுந்து போய்க் கோடரியை எடுத்து வந்தார்.

"ஐயா, அந்த நாடகம்..." என்று தொடங்கினேன்.

"பையன் நல்லாத்தான் நடிச்சான் சேர்," என்றார். கோடரியின் காம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "பேரப்புள்ள பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அதான்," என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை. என் கண் அந்தச் சிறுவனைத் தேடியது. அவன் வாசற்படியில் இருந்து கணக்குக் கொப்பியில் எதையோ அழித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

கோடரியை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பின்னாலிருந்து ஐயா சொன்னார்:

"காம்பு லேசா ஆடும், பாத்து வெட்டுங்க. நீங்க கொண்டாற வேணாம். நானே வந்து எடுத்துக்கிறேன்."

மறுநாள் காலை ஆறரைக்கு மனைவி முக்காட்டுடன் குசினியில் நின்றாள். நான் பத்திரிகையை விரிக்காமல் மேசையில் வைத்திருந்தேன். பின்கதவைத் திறந்தே விட்டிருந்தோம். காலடிச் சத்தம் கேட்டது. வாசல்வரை வந்து நின்றது.

பிறகு, திறந்திருந்த கதவை அவர் மெதுவாகத் தட்டினார்.